விழுந்த இடத்திலிருந்தே



கிறிஸ்து பிறப்பு விழா, புத்தாண்டு, பொங்கல் என அடுத்தடுத்து வந்த பெருநாள்கள் முடிந்து, தவக்காலம் தொடங்கச் சில நாள்களே இருந்த ஒரு மாலைப்பொழுதில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்து நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். ஐம்பத்தாறு வயதினர், வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர், பங்கில் எந்தக் காரியமானாலும் முன்னின்று செய்பவர். அத்தகையவர் முகம் வாடியிருக்கக் கண்டு, வீட்டில் ஏதோ துயரம் போலும் என்று எண்ணினோம்.

“சாமி, ஒன்று கேட்க வேண்டும். குறைத்த எடையெல்லாம் மறுபடி ஏறிவிட்டது. இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவமா?” என்றார்.

கேட்ட மாத்திரத்தில் நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கண்களில் நீர் நிற்பதைக் கண்டு அடக்கிக்கொண்டோம்.

நடந்தது இதுதான். ஈராண்டுகளுக்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. சென்ற ஆண்டு விபூதிப் புதன் அன்று ஓர் உறுதி செய்துகொண்டு, நாள்தோறும் நடந்தும், சோற்றைக் குறைத்தும், தேநீரில் சர்க்கரையை நிறுத்தியும், 78 கிலோவாக இருந்த எடையை ஏழு மாதங்களில் 69 கிலோவாக்கினார். ஊரே வியந்தது. பின்பு இளைய மகளின் திருமணம் வந்தது. உறவினர் வீட்டு விருந்துகள் தொடர்ந்தன. மழைக்காலத்தில் நடை நின்றது. கிறிஸ்துமஸ் பலகாரமும் பொங்கலும் வந்தன. எடை 76 கிலோவாயிற்று.

அத்துடன் நின்றிருந்தால் நாம் இவ்வளவு கவலை கொண்டிருக்க மாட்டோம். “மூன்று மாதமாகச் சர்க்கரை பார்க்கப் போகவில்லை, சாமி. போனால் எடை போடுவார்கள். போன தடவை எல்லாரும் கைதட்டினார்கள்; இப்போது எந்த முகத்தோடு ஏறி நிற்பது? மாத்திரையும் தீர்ந்துபோயிற்று, வாங்கப் போகவில்லை” என்றார். அவருடைய தமக்கை இதே நோயால் கால்விரல்கள் இரண்டை இழந்தவர். அதை அறிந்திருந்தும், வெட்கம் இவரை வீட்டிலேயே கட்டிப்போட்டுவிட்டது.

பெருந்தீனி தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். பசித்திருக்கும் அயலானை மறந்து, உண்பதையே வாழ்வின் நோக்கமாகக் கொள்வதை அச்சொல் குறிக்கிறதேயன்றி, எடைக்கருவியின் முள் எங்கே நிற்கிறது என்பதைக் குறிக்கவில்லை. மெலிந்த உடலிலும் பெருந்தீனி குடியிருக்கலாம்; பருத்த உடலிலும் தன்னடக்கம் குடியிருக்கலாம். எனவே, “எடை ஏறியது பாவமன்று, அம்மா. ஆனால் வெட்கத்தால் மாத்திரையை விட்டது பெரிய தவறு. நாளைக் காலையிலேயே போய் வாங்குங்கள்” என்று சொன்னோம்.

பிறர்க்கு அறிவுரை கூறுமுன் நம் கதையையும் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் மருத்துவர் சொற்படி 91 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கு இறங்கினோம். பின்பு மாற்றலாகிப் புதிய பங்கிற்கு வந்தோம். வீடு சந்திப்புக்குச் சென்ற இடமெல்லாம் தேநீரும் முறுக்கும். திருவிழா நாள்களில் ஒவ்வொரு வேளையும் விருந்து. அன்போடு தருவதை மறுக்க மனம் வரவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். பத்தே மாதங்களில் 88 கிலோ. அப்போது நாம் செய்த அறிவார்ந்த காரியம், எடைக்கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதுதான்! ஆகவே அத்தாயைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு இல்லை.

உடல் ஏன் எதிர்த்து நிற்கிறது?

குறைந்த எடை மீண்டும் ஏறுவது மனவலிமை இல்லாதவர்க்கே நேர்வது என்று பலரும் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். மனச்சாட்சியின் பேரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள், போரினால் பட்டினி கிடப்போர்க்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்று கண்டறிவதற்காகத் தங்கள் உடலையே ஆய்வுக்குக் கொடுத்தனர். 24 வாரங்கள் அரைவயிற்று உணவு உண்டு, தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். திடமனம் படைத்த அவ்விளைஞர்களே, கட்டுப்பாடு நீங்கியபின் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டனர். முன்பு இருந்ததைவிட அதிகக் கொழுப்பு அவர்கள் உடலில் சேர்ந்தது. மனவுறுதி குன்றியவர்கள் என்று அவர்களை யார் சொல்ல முடியும்?

அண்மைக் காலச் செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, கெவின் ஹால் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடல் செலவிட்ட சக்தியோ, அந்த உடல் அளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, எடை குறைந்து ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது.

பஞ்சகாலத்தில் உயிர் பிழைப்பதற்கென உடலில் அமைந்துள்ள காவல் இது. எடை குறைந்தால், ‘பஞ்சம் வந்துவிட்டது’ என்று உடல் எண்ணிக்கொள்கிறது, செலவைச் சுருக்குகிறது, பசியைக் கூட்டுகிறது. ஆகவே மீண்டும் ஏறும் எடை நம் ஒழுக்கக்கேட்டுக்குச் சான்றன்று. அதற்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம் என்பதும் பொருளன்று. எதிர்ப்பு இருக்கும் என்று முன்னரே தெரிந்துகொண்டவன், எதிர்ப்பைக் கண்டு மனம் உடைய மாட்டான்.

எடைக்கருவி ஒன்றே சாட்சியன்று

விருந்துக்கு மறுநாள் இரண்டு கிலோ ஏறிவிட்டதாகப் பதறுவோர் உண்டு. ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. இரண்டே நாளில் இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், வழக்கமான உணவுக்கு மேல் 15,000 கலோரிக்கும் அதிகமாக உண்டிருக்க வேண்டும். எந்தத் திருமண வீட்டிலும் அது எளிதன்று! உப்பும் மாவுப்பொருளும் உடலில் நீரைத் தேக்குகின்றன. ஏறித் தோன்றுவதில் பெரும்பங்கு அந்த நீரே. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் சில நாள்களில் அது வடிந்துவிடும். ‘எல்லாம் போயிற்று’ என்று அந்நாளில் கைவிடுகிறோமே, அதனால் வரும் கொழுப்புத்தான் நிலைத்து நிற்பது.

இன்னும் ஆறுதலான செய்தி நம் சென்னையிலிருந்தே கிடைக்கிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில், அறிவுரை பெறாத பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்ட பிரிவிலோ 39 பேரே அந்நிலைக்கு ஆளாயினர். இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை! முள் அசையாத நாளிலும் நடந்த நடை வீணாவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் மாவட்டத்துப் பெண்கள் கற்ற பாடம்

இவற்றையெல்லாம் அத்தாயிடம் கூறியபோது தலையசைத்துக் கேட்டார். ஆயினும் முகம் தெளியவில்லை. அப்போது, பங்கு இல்லத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த உபதேசியாரின் சைக்கிள் நம் கண்ணில் பட்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினர். வயல் வேலை செய்தோர், கல்குவாரியில் உடைத்தோர், செவிலியர், ஆசிரியைகள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினர். பெண்களுக்குரிய சைக்கிள்கள் போதாமையால் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் ஏறினர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி அதை உலகறியச் செய்தார். அந்த லட்சத்துள் ஒருவர் நம் முன் அமர்ந்திருந்த இத்தாய்.

“சைக்கிள் பழகும்போது எத்தனை முறை விழுந்தீர்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“கணக்கா வைத்தேன்? முழங்கால் இரண்டும் தோல் உரிந்துபோயிற்று, சாமி.”

“விழுந்ததும், ‘இனி அடுத்த திங்கட்கிழமை தொடங்கிக்கொள்ளலாம்’ என்று வீட்டுக்குப் போய்விட்டீர்களா?”

“திங்கட்கிழமையா? வாடகைச் சைக்கிள், சாமி! மணிக்கணக்குக்குக் காசு. விழுந்தால் உடனே ஏற வேண்டாமா?”

“புறப்பட்ட இடத்துக்கே உருட்டிக்கொண்டு போய் முதலிலிருந்து தொடங்கினீர்களோ?”

“அது எதற்கு? விழுந்த இடத்திலிருந்தே மிதிக்க வேண்டியதுதான்” என்றவர், சற்று நிறுத்தி, நாம் கேட்டதன் பொருள் விளங்கிச் சிரித்துவிட்டார்.

“பின்னால் யார் பிடித்துக்கொண்டார்கள்?”

“எங்கள் தெருப் பெண்கள்தாம், மாற்றி மாற்றி.”

நாம் சொல்ல விரும்பியது முழுவதையும் அவரே சொல்லிவிட்டார். 78இலிருந்து 69க்கு வந்து 76க்கு ஏறியவர், 78இல் நிற்கவில்லை, 76இல் நிற்கிறார். நடக்கத் தெரியும்; அளந்து உண்ணத் தெரியும்; எது தம்மைத் தள்ளிவிட்டது என்பதும் இப்போது தெரியும். பழகிய கால் சைக்கிளை மறப்பதில்லை.

அன்று சைக்கிள் மிதித்த பெண்களின் வீட்டு வாசலில் இன்று மொபெட் நிற்கிறது. ஆட்டுக்கல் மூலையில் கிடக்கிறது. தண்ணீர் குழாயில் வருகிறது. இவை நன்மையே, பெண்ணின் முதுகுச் சுமை குறைந்தது. ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் அதிக எடை கொண்டோர் 2015-16இல் நூற்றுக்கு 31 பேர். 2019-21இல் 40 பேர். ஆண்களும் 28இலிருந்து 37 ஆயினர். ஆகவே இது ஒரு தாயின் கதை மட்டுமன்று.

திரும்பி வரும் வழி

முதலாவது, அடுத்த வேளை உணவிலேயே திரும்ப வேண்டும். அடுத்த திங்களும் வேண்டாம். அடுத்த தவக்காலமும் வேண்டாம். மதியம் விருந்தில் மிகுதியாக உண்டோமா? இரவு வழக்கமான அளவே உண்போம். மறுநாள் வழக்கமான நேரத்தில் நடப்போம்.

இரண்டாவது, பட்டினியால் உடலைத் தண்டிக்க வேண்டாம். அது பசியைப் பெருக்கி மீண்டும் விழச் செய்யும். இன்சுலின் போடுவோரும் சர்க்கரை மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்த்தால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். திருச்சபையின் ஒருசந்திச் சட்டமும் 18 வயது நிறைந்தவரிலிருந்து 60ஆம் வயது தொடங்காதவர் வரையிலேயே கட்டுப்படுத்துகிறது. நோயாளிகளுக்கு அக்கடமை இல்லை. மாத்திரையை ஒழுங்காக உண்பதே அவர்களுக்குத் தவம்.

மூன்றாவது, இலக்கு சிறிதாக இருக்கட்டும். அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையுமே இலக்காக வைக்கப்பட்டன; சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. 76 கிலோ உள்ளவர்க்கு முதலில் நான்கு கிலோ போதும். அதைப் பெற்றபின், சில மாதங்கள் அங்கேயே நிலைத்து நிற்கப் பழக வேண்டும். இறங்குவதைப் போலவே நிற்பதும் ஒரு கலை.

நான்காவது, வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஒரு கிலோ ஏறியதும் தெரிந்தால் திருத்துவது எளிது. ஏழு கிலோ ஏறும்வரை கண்ணை மூடிக்கொண்டால் கடினம்.

ஐந்தாவது, சிறு பொருள்களைக் கவனிக்க வேண்டும். இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு நாளுக்கு ஐந்து தேநீர் அருந்தினால், சர்க்கரையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 200 கலோரி. ஆதனக்கோட்டை முந்திரி நல்ல உணவே. ஆனால் 100 கிராமில் 550 கலோரி இருக்கிறது. கேழ்வரகுக் களி சர்க்கரைக்கு நல்லதென்று கேட்டு இரு மடங்கு உண்போரும் உண்டு, அதுவும் மாவுப்பொருளே. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால்பங்கு பயறோ மீனோ முட்டையோ, கால்பங்கு சோறு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

ஆறாவது, தனியே முயல வேண்டாம். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம், நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்க்கு நம் ஊர்க் கண்மாய்க்கரையே போதும். வேண்டுவது, “இன்றைக்கு ஏன் வரவில்லை?” என்று கேட்க ஒரு துணை.

வீட்டாருக்கு ஒரு சொல்

எடை குறைந்தபோது கைதட்டுவதும், ஏறியபோது “பழையபடி ஆகிவிட்டீர்களே!” என்று நகைப்பதும் நம் வழக்கமாயிற்று. அந்த ஒரு சொல் ஒருவரைப் பரிசோதனைக்கே போகாதபடி தடுத்துவிடலாம் என்பதை இத்தாயின் கதை காட்டுகிறது. கணவர்மாரே, நீங்களும் உடன் நடங்கள். மருமகள்மாரே, மாமியாருக்கென்று தனிச் சமையல் செய்து அவரை நோயாளியாக்காமல், அதே காய்கறியை வீட்டார் எல்லாரும் உண்ணுங்கள். விருந்து படைப்போரே, ஒருவர் “போதும்” என்றால் இலையில் மேலும் இடாதீர்கள். போதும் என்ற சொல்லை மதிப்பதும் விருந்தோம்பலே.

அத்தாய் வந்து சென்று ஆறு மாதங்கள் ஆகின்றன. மறுநாளே சுகாதார நிலையத்துக்குச் சென்றார், சர்க்கரை மிகுந்திருந்தது, மாத்திரை மீண்டும் தொடங்கியது. இப்போது அவர் எடை 72 கிலோ. இடையில் பங்குத் திருவிழாவில் ஒன்றரைக் கிலோ ஏறியது. திருவிழாவுக்கு மறுநாள் விடியற்காலையில், கொடி இறக்குமுன்பே, அவரும் இன்னும் நான்கு பெண்களும் கண்மாய்க்கரையில் நடந்து சென்றதை நாம் கண்டோம். நம் எடைக்கருவியும் கட்டிலடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. 85 காட்டுகிறது.

தவக்கால வெள்ளிகளில் நாம் செய்யும் சிலுவைப் பாதையில், மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் நிலைகளில் ஆண்டவர் தரையில் விழுகிறார். அப்பெருந்துயரோடு நம் சிறு தொல்லையை ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வோம்: மூன்று முறையும் அவர் விழுந்த இடத்திலிருந்தே எழுந்து நடந்தார்.